கழலமாட்டேன் என்று நிற்கும் பின் பிரேக் ரோட்டர் (2012 சியன்னா)

வடலி77 | சனி, பகல் 1.10

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2012 டொயோட்டா சியன்னா, முன்சில்லு இழுவை, 2,40,000 கிலோமீட்டர் ஓடினது. டொரொண்டோ ஸ்காபரோவில் வாங்கி ஸ்காபரோவிலேயே, பனிக்கு உப்புக் கொட்டும் ரோட்டில் ஓடுகிறது, அதனால் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பனிக்கால ரயரைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், பின்பக்க பாட் (ரோட்டரை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) இரண்டு பக்கமும் இரும்பு தெரியத் தேய்ந்திருக்கிறது, சில்லோடு சுற்றும் பிரேக் தட்டான ரோட்டரின் உள்முகம் முழுக்கக் கறள், விளிம்பில் விரலை வைத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஒரு கராஜில் விலை கேட்டேன். அந்தக் காசுக்கு ஊருக்குப் போக அரை ரிக்கற் போடலாம். சரி, நானே செய்வோம் என்று ரோட்டரும் பாட்டும் வாங்கி வந்து இறங்கிவிட்டேன்.

பாட்டை அழுத்தும் கலிப்பர் சுகமாக வந்தது. அதைத் தாங்கும் பிராக்கெட்டின் 17 மில்லி போல்ட் இரண்டும் ஒரு நீள பைப்பைச் சொருகி ஏறி மிதித்ததும் கழன்றன. அதோடு சரி. ரோட்டர் மயிரிழை அசையவில்லை. நேற்றுப் பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம், இன்றைக்குக் காலையில் இரண்டு மணித்தியாலம் அடித்திருக்கிறேன், டபிள்யூடி-40 அரை டின் முடிந்தது, பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியால் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். திங்கள் காலை வேலைக்கு இந்த வண்டிதான் வேண்டும். யாராவது ஒரு வழி சொல்லுங்கோ.

மிசிசாகா_மச்சான் | சனி, பகல் 1.22

இன்னும் பெரிய சுத்தியல்.

கிங்ஸ்டன்_அக்கா | சனி, பகல் 1.48

மச்சான் சொல்வதைக் கேட்டால் நாளைக்கு பேரிங்கும் சேர்த்து வாங்க வேண்டி வரும். வடலி, முதலில் நாலு கேள்வி. வண்டி எதன் மேல் நிற்கிறது, ஜாக்கிலா அல்லது ஸ்டாண்டிலா? ஹாண்ட் பிரேக் போட்டிருக்கிறீர்களா, எடுத்திருக்கிறீர்களா? எந்த இடத்தில் அடிக்கிறீர்கள்? அடிக்கும்போது ரோட்டர் கொஞ்சமாவது சுற்றுகிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். நான் எட்டு வருடமாக வீட்டு வாசலில் எங்கள் வண்டிகளின் பிரேக்கை நானே செய்கிறேன், இதில் ஆட்கள் தோற்பது பலம் போதாமல் இல்லை, எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் அடிப்பதால்தான்.

வடலி77 | சனி, பகல் 2.05

அக்கா, ஸ்டாண்டில்தான் நிற்கிறது, ஜாக்கும் கீழே முட்டுக்கு இருக்கிறது. வாசல் கொஞ்சம் சரிவு, அதனால் வண்டி உருண்டுவிடக் கூடாது என்று ஹாண்ட் பிரேக்கை நல்லா மிதித்து வைத்திருக்கிறேன். ரோட்டர் சுற்றவே இல்லை. அடிப்பது முன்முகத்தில், நட்டு நிற்கும் தண்டுகளுக்கு நடுவில்.

கிங்ஸ்டன்_அக்கா | சனி, பகல் 2.11

ஐயோ தம்பி.

அந்த ரோட்டரின் நடுவில் தொப்பி மாதிரி ஒரு மேடு இருக்கிறதல்லவா, அது வெறும் மேடு இல்லை, உள்ளே அது ஒரு சின்ன டிரம். உங்கள் சியன்னாவில் காலால் மிதிக்கிற பார்க்கிங் பிரேக் பின் கலிப்பரைத் தொடுவதே இல்லை, அந்தத் தொப்பிக்குள் இருக்கும் இரண்டு பிறை வடிவ ஷூவை விரித்து உள்சுவரில் அழுத்துகிறது. நீங்கள் வெளியே நின்று அடிக்கிறீர்கள், உள்ளே இரண்டு ஷூ கையை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றரை மணித்தியாலம்!

முன்சில்லு இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள், கியர் பார்க்கில் இருக்கட்டும், பிறகு ஹாண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்.

மிசிசாகா_மச்சான் | சனி, பகல் 2.13

சிரிச்சு வயிறு நோகுது. மன்னிச்சுக்கொள் மச்சான்.

திருவொற்றியூர்_டூல்பாக்ஸ் | சனி, பகல் 2.40

சென்னையிலிருந்து எழுதுகிறேன், பதினாறு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். இங்கே உப்பு ரோட்டில் கொட்டுவதில்லை, காற்றிலேயே வருகிறது. எண்ணூர் பக்கம் கடலோரம் நிற்கிற வண்டியில் பின் டிரம் கழற்றிப் பார்த்தால் நீங்கள் சொல்கிற அதே துருதான்.

அண்ணே சுத்தியலைக் கீழே வையுங்கள். ரோட்டரின் தொப்பி முகத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள், தண்டுகளுக்கு நடுவே மரையிட்ட இரண்டு சின்ன ஓட்டை எதிரெதிராக இருக்கும். துரு அடைத்திருந்தால் ஓட்டை இருப்பதே தெரியாது, ஆணி முனையால் சுரண்ட வேண்டும். அது எம்8, 1.25 மரை, அதாவது 8 மில்லி தடிப்பு போல்ட், மரைக்கு மரை 1.25 மில்லி. நம்ம ஊர் மாருதி டிரம்மிலும் இதே ஓட்டைதான், அதனாலேயே எந்த மெக்கானிக் பையிலும் இந்த சைஸ் போல்ட் ரெண்டு கிடக்கும். முழு நீளமும் மரை உள்ள 40 மில்லி போல்ட், 8.8க்குக் குறையாத தரம், இரண்டு வாங்குங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிக் கையாலேயே உள்ளே விட்டு, முனை ஹப்பில் (ரோட்டரும் சில்லும் ஏறி நிற்கும் நடுப்பாகம்) முட்டியதும் ஸ்பேனரால் இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று. ஒரு பக்கத்தையே இறுக்கினால் ரோட்டர் சாய்ந்து இன்னும் இறுகிக்கொள்ளும். நல்ல இறுக்கம் வந்ததும் நிறுத்திவிட்டு, அந்த இறுக்கத்தோடேயே தொப்பியின் விளிம்பை வட்டமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கம் மட்டும் கொடுத்தால் போல்ட் முனை நசுங்கும், இல்லை வார்ப்பிரும்பில் மரை போய்விடும். தட்டல் மட்டும் கொடுத்தால் உங்கள் நேற்றைய கதை. இரண்டும் சேர வேண்டும்.

இன்னொன்று, ஒரு வீல் நட்டை நாலு சுற்று மட்டும் போட்டு விட்டுவிடுங்கள். வரும்போது டமால் என்று வரும், அந்த நட்டு இல்லையென்றால் உங்கள் கால் மேலேதான் வந்து உட்காரும்.

பிராம்ப்டன்_பாலா | சனி, பகல் 3.02

உங்களுடையது ஹோண்டா இல்லை என்று சந்தோஷப்படுங்கோ. என்ரை அக்கோர்டில் ரோட்டர் முகத்தில் இரண்டு சின்ன ஸ்குரூ இருக்கிறது, நட்சத்திரத் தலை, அது கறளில் ஒட்டிக்கொண்டு சாதாரண டிரைவருக்குத் தலை வழுக்கிப் போய்விடும். அடித்தால் திருகுகிற டிரைவர் ஒன்று இருக்கு, பின்பக்கம் சுத்தியலால் அடித்தால் முனை தானாகச் சுழலும், அதில்லாமல் தொடவே கூடாது. நான் தொட்டேன். பிறகு டிரில் போட்டுத் தலையை எடுத்தேன். திரும்ப அந்த ஸ்குரூவைப் போடவே இல்லை, சில்லு நட்டு இறுக்கினால் ரோட்டர் எங்கே போகப் போகுது.

நெருப்பு கொடுத்துப் பார்த்தீங்களா? புரோப்பேன் டார்ச் ஒன்றிருந்தால் தொப்பியைச் சுற்றி அஞ்சு நிமிஷம் சூடாக்கினால் விரிந்து விட்டுவிடும்.

கிங்ஸ்டன்_அக்கா | சனி, பகல் 3.15

பாலா சொன்னது வேலை செய்யும், ஆனால் கடைசி வழியாகத்தான். பின் ஹப்புக்குள் பேரிங் கிரீஸ், ரப்பர் சீல், ஏபிஎஸ் சென்சார் எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம், பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பைக் கொண்டு போகவே கூடாது. குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் பொஸ்ஜீன் வாயுவாக மாறும், முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. குளோரின் இல்லாத வகை நேரே தீப்பிடிக்கும். வடலி ஏற்கனவே அரை டின் டபிள்யூடி-40 அடித்து வைத்திருக்கிறார், அதுவும் எரியும்.

அந்த டின்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரிலேயே இருக்கிறது, ஈரத்தை வெளியேற்றும் கலவைக்கு 40ஆவது முயற்சி என்று. இறுகின கறளுக்குள் ஊறுவதற்கென்றே தனி ஒயில் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். தண்டுகள் வெளியே வரும் ஓட்டையைச் சுற்றி, நடுவில் ஹப் மூக்கு ரோட்டரைத் தொடும் வட்டத்தில், அவ்வளவுதான். பீச்சி அடிக்க வேண்டாம். உள்ளே ஷூ இருக்கிறது, ஒயில் அதில் பட்டால் பிறகு ஹாண்ட் பிரேக் பெயருக்குத்தான் இருக்கும். அடித்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், ஊற நேரம் வேண்டும்.

கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? வார்ப்பிரும்பு அடிபட்டால் சில்லு சில்லாகத் தெறிக்கும். கறள் தூசியையும் பிரேக் தூசியையும் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத் துணி.

வடலி77 | சனி, பின்னேரம் 6.35

சரி, சொல்லுகிறேன். ஹாண்ட் பிரேக்கை எடுத்தேன். இடதுபக்கம் கையால் சுற்றியது! வலதுபக்கம் கால் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, உள்ளே ஏதோ உரசுகிற சத்தம்.

மரை ஓட்டை இருந்தது, ஆணியால் சுரண்டினால் பொடிப்பொடியாகச் செம்மண் மாதிரி வந்தது. பிரின்சஸ் ஆட்டோ கடைக்குப் போய் எம்8 போல்ட் வாங்கி வந்தேன். ஒற்றியூர் அண்ணை சொன்ன மாதிரி அரைச் சுற்று, அரைச் சுற்று, பிறகு தட்டல். பதினைந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. கை ஓய்ந்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழும்புகிறேன், பின்னால் துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஒருவரும் தொடாமல் தானாக வந்து நட்டில் தொங்குது. மனுசி வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து, வண்டி விழுந்துவிட்டதோ என்று கேட்கிறாள்.

ஹப் முகத்தைப் பார்த்தேன், ஒரு காசு தடிப்புக்குக் கறள் படிந்திருக்கிறது. இரும்பு இவ்வளவு ஊதுமா?

திருவொற்றியூர்_டூல்பாக்ஸ் | சனி, இரவு 7.10

ஊதும். இரும்பு துருவானால் இருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ரோட்டருக்கும் ஹப்புக்கும் நடுவே தாள் நுழையாத இடைவெளி, அதில் துரு வளர்ந்தால் இரண்டையும் ஆப்பு அடித்த மாதிரிப் பிணைத்துவிடும். தானாக வந்தது ஆச்சரியமே இல்லை, இறுக்கத்தில் நிறுத்தி வைத்தால் துருப்படலம் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டுக் கடைசியில் கைவிட்டுவிடும்.

வலதுபக்கம் வேறு நோய் அண்ணே. கால் சுற்று சுற்றுகிறதென்றால் ஹப்பிலிருந்து ரோட்டர் விட்டுவிட்டதா என்று முதலில் பாருங்கள். ரோட்டர் மட்டும் சுற்றுகிறதா, தண்டுகளும் சேர்ந்து சுற்றுகிறதா?

வடலி77 | சனி, இரவு 7.18

தண்டும் சேர்ந்துதான் சுற்றுகிறது.

திருவொற்றியூர்_டூல்பாக்ஸ் | சனி, இரவு 7.41

அப்படியென்றால் ஹப்பிலும் ஒட்டியிருக்கிறது, உள்ளே ஷூவும் தட்டுகிறது. இரண்டு நோய்க்கும் தனித்தனி மருந்து. ஹப் ஒட்டு போல்ட்டால் விடும். ஆனால் விட்ட பிறகும் ரோட்டர் ஒரு விரல் அகலம் வெளியே வந்து நின்றுவிட்டால் அதற்கு மேல் இழுக்காதீர்கள், அது ஷூ. டிரம்மின் உள்சுவரில் ஷூ தேய்க்காத ஓரத்தில் துரு ஒரு வரம்பு கட்டியிருக்கும், ஷூ அந்த வரம்பைத் தாண்ட முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

தொப்பி முகத்தில் ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கும், அதைப் பிடுங்குங்கள். ரோட்டரைச் சுற்றி அந்த ஓட்டையை உள்ளே இருக்கும் பல்சக்கரத்துக்கு நேரே கொண்டு வந்து, டார்ச் அடித்துப் பார்த்தால் பல் தெரியும். தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளினால் ஷூ சுருங்கும். எந்தத் திசை என்று குழம்பினால் கவலை வேண்டாம், நாலு பல் தள்ளிவிட்டு ரோட்டரைச் சுற்றிப் பாருங்கள், இறுகினால் தப்புத் திசை.

சென்னைக்_கிளட்ச் | சனி, இரவு 8.05

இவ்வளவு எதற்கு, ரோட்டர் எப்படியும் குப்பைக்குத்தான், ஆங்கிள் கிரைண்டர் எடுத்துத் தொப்பியில் இரண்டு கீறல் போட்டு உளியை வைத்து ஒரு அடி. பத்து நிமிஷம்.

கிங்ஸ்டன்_அக்கா | சனி, இரவு 8.20

நானும் ஒருதரம் அப்படிச் செய்தேன், தப்பில்லை, ஆனால் உள்ளே எங்கே ஷூ, எங்கே கம்பி என்று தெரிந்த ஆளுக்குத்தான் அது. முதல்தரம் செய்கிறவர் தொப்பியைத் தாண்டி ஹப்பையும் கீறிவிடுவார். சரிவு வாசலில் இரவு நேரத்தில் கிரைண்டர் வேண்டாம் வடலி, போய்ப் படுங்கள்.

வடலி77 | ஞாயிறு, காலை 10.50

படுத்தேன். விடிய எழும்பிப் போல்ட் வைத்தேன், அரை மணித்தியாலத்தில் ஹப்பை விட்டது. ஒற்றியூர் அண்ணை சொன்னது அப்படியே, ஒரு விரல் அகலம் வந்து நின்றது. ரப்பரைப் பிடுங்கினேன், டார்ச் அடித்தேன், பல்சக்கரம் தெரிகிறது. ஆனால் அது கறளில் ஒரே கட்டியாக இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் வளைகிறது, சக்கரம் அசையவில்லை. இப்போ?

மிசிசாகா_மச்சான் | ஞாயிறு, காலை 11.02

நீ அந்த ஹாண்ட் பிரேக்கை எப்பவாவது போடுறனியோ? உண்மையைச் சொல்லு.

வடலி77 | ஞாயிறு, காலை 11.04

ஒட்டோமற்றிக் வண்டிதானே, பார்க்கில் போட்டுவிட்டு இறங்குவேன். வெள்ளிக்கிழமைதான் வாங்கின நாளிலிருந்து முதல்தரம் மிதித்தது என்று நினைக்கிறேன்.

கிங்ஸ்டன்_அக்கா | ஞாயிறு, காலை 11.30

அதுதான் விஷயம். கனடாவில் பாதிப்பேர் இப்படித்தான். உபயோகிக்காத ஷூ கறள் பிடித்துக் கிடக்கும், அதன் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை இரும்புத் தகட்டிலிருந்து கழன்று உள்ளே தளர்வாகக் கிடக்கும். நீங்கள் முதல்தரம் முழு பலத்தோடு மிதித்ததில் அது இடம்மாறிச் சிக்கியிருக்கலாம். நேற்று உரசின சத்தம் அதாகத்தான் இருக்கும்.

பல்சக்கரம் அசையாவிட்டால் இன்னொரு வழி. சில்லுக்குப் பின்னால், உள்பக்கமாக, தகரக் கவசத் தட்டைப் பாருங்கள். ஷூவைத் தட்டோடு பிடித்து வைத்திருக்கும் ஊசியின் தலை ஒரு ஷூவுக்கு ஒன்று வீதம் சின்னப் பொட்டு மாதிரி வெளியே தெரியும். அந்தத் தலையை வெட்டுக் குறடாலோ உளியாலோ எடுத்துவிட்டால் ஷூவுக்குப் பிடிமானம் இல்லை, ரோட்டரோடு சேர்ந்தே கழன்று வந்துவிடும். ஸ்பிரிங்கும் ஊசியும் சேர்ந்த பை ஒன்று பாகக் கடையில் மலிவாகக் கிடைக்கும், புது ஷூ ஒரு சோடியும் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கும். கழற்றுவதற்கு முன் இடதுபக்க ஷூவைப் போனில் படம் எடுத்து வையுங்கள், எந்த ஸ்பிரிங் எங்கே என்று பிறகு மண்டை காயும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் கலைக்காதீர்கள்.

கலிப்பரை எங்கே வைத்திருக்கிறீர்கள், பிரேக் குழாயில் தொங்குகிறதா?

வடலி77 | ஞாயிறு, காலை 11.36

இல்லை அக்கா, கோட் ஹாங்கர் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டியிருக்கிறேன். அது ஒன்றாவது தெரிந்து செய்தேன்.

வடலி77 | ஞாயிறு, பின்னேரம் 5.20

வந்துவிட்டது!

ஊசித் தலை இரண்டையும் வெட்டிவிட்டு, ரோட்டரின் பின்முகத்தில் மரக்கட்டை வைத்து நாலு தட்டு, ஷூ, ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாம் ஒரு குப்பைக் குவியலாக மடியில் வந்து விழுந்தது. அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரு ஷூவின் பட்டை முழுசாகக் கழன்று, சப்பாத்தின் அடித்தோல் பிய்ந்த மாதிரித் தனியாகக் கிடக்கிறது. இரண்டாக உடைந்து ஒரு துண்டு பல்சக்கரத்தின் இடுக்கில் செருகியிருந்தது. நான் வருடம் வருடம் பாதுகாப்புச் சோதனை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓடின வண்டி.

ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து இரும்பு வெளுக்கும் வரை எடுத்தேன். இப்போ புது ரோட்டரைப் போட முன் ஏதாவது தடவ வேணுமா? செம்பு நிறப் பசை ஒன்று கடையில் தந்தார்கள்.

பிராம்ப்டன்_பாலா | ஞாயிறு, பின்னேரம் 5.31

தடவாதே, பிறகு ரோட்டர் ஆடும்.

திருவொற்றியூர்_டூல்பாக்ஸ் | ஞாயிறு, பின்னேரம் 5.58

பாலா சார் சொல்வது தடிப்பாகத் தடவினால்தான். நடு மூக்கின் வட்டத்திலும் ஹப் முகத்திலும் விரலால் தேய்த்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு மெல்லிசாக. ரோட்டர் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பசை இல்லை, சுத்தம் செய்யாமல் விட்ட துரு. ஒரு பொருக்கு இருந்தாலும் ரோட்டர் சாய்ந்து உட்காரும், ஆயிரம் கிலோமீட்டரில் மிதி நடுங்க ஆரம்பிக்கும். தண்டு மரையில் மட்டும் பசை வேண்டாம், நட்டு அளவுக்கு மீறி இறுகிவிடும்.

புது ரோட்டரில் துருப்பிடிக்காமல் இருக்க ஒயில் பூசி அனுப்பியிருப்பார்கள். இரண்டு முகத்தையும், தொப்பியின் உள்சுவரையும் கிளீனரால் துடையுங்கள், உள்சுவரைத்தான் எல்லோரும் மறப்பது.

ஷூ போட்டு ரோட்டர் ஏற்றி இரண்டு நட்டால் பிடித்துவிட்டு, அதே ஓட்டை வழியாகப் பல்சக்கரத்தைத் தள்ளி ரோட்டர் சுற்ற முடியாமல் இறுக்குங்கள், பிறகு எட்டுப் பல் பின்னால். டொயோட்டாவில் பொதுவாக அந்த எட்டுதான் கணக்கு. லேசாக உரசினால் பரவாயில்லை, இழுத்தால் இன்னும் ஒரு பல். ரப்பரைத் திரும்ப அடையுங்கள், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் நேரே உள்ளே போகும்.

கிங்ஸ்டன்_அக்கா | ஞாயிறு, பின்னேரம் 6.10

சில்லு நட்டு 103 நியூட்டன் மீட்டர், அடி-பவுண்டில் 76. நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள், நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒருதரம் பாருங்கள். வண்டியை எடுப்பதற்கு முன், நிற்கும் இடத்திலேயே பிரேக் மிதியைப் பல தடவை மிதித்துக் கெட்டியாகும் வரை கொண்டு வாருங்கள். புது பாட் போடக் கலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள், முதல் மிதி நேரே தரைக்குப் போகும். ஒருதரம் என் தம்பி இதை மறந்து கராஜ் கதவோடு போய் நின்றான்.

வடலி77 | ஞாயிறு, இரவு 9.15

முடிந்தது. இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கடைசி ஸ்பிரிங்கை மாட்டினேன். தெருவில் ஆளில்லாத இடத்தில் ஐம்பதிலிருந்து பத்துக்கு மெல்ல மெல்லப் பத்துத்தரம் பிரேக் பிடித்து விட்டேன், சத்தம் இல்லை, இழுவை இல்லை. சரிவில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை மட்டும் மிதித்துப் பார்த்தேன். வண்டி நின்றது. வாங்கி இவ்வளவு காலத்தில் இதுதான் முதல்தரம் அது தன் வேலையைச் செய்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார், கையைக் காட்டினேன், அவரும் காட்டினார்.

மிசிசாகா_மச்சான் | ஞாயிறு, இரவு 9.40

வாழ்த்துக்கள் மச்சான். அந்த போல்ட் இரண்டையும் எறியாதே, அடுத்த கிழமை என்ரை 2018 ஹோண்டா சிஆர்-வியில் பின்பக்கம் செய்யப் போறன்.

கிங்ஸ்டன்_அக்கா | ஞாயிறு, இரவு 9.52

நில்லுங்கள் மச்சான். அதில் ஹாண்ட் பிரேக் ஒரு பட்டன், கலிப்பருக்குப் பின்னால் மின்மோட்டார். தொப்பிக்குள் ஷூ இல்லை. முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டு போய் மோட்டார் பின்வாங்கின பிறகுதான் கலிப்பரைத் தொட வேண்டும். சுத்தியலை இப்போதே வீட்டில் ஒளித்து வையுங்கள்.

வடலி77 | ஞாயிறு, இரவு 9.58

போல்ட் என்ரை கராஜ் யன்னலில் கிடக்கு, வந்து எடு. ஒன்றின் முனை நசுங்கியிருக்கு, அராவிக்கொண்டு போ.